வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் பண்ண 10 யூனிவர்சிட்டி லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன், எதுல ஆரம்பிக்கணும்? ஏஜென்ட் வேணுமா?

ரேங்கிங் பாக்கறதுல ஆரம்பிக்காதீங்க. நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து எக்செல்ல கலர் கலரா அடிச்சு வச்சிருந்தேன், ரேங்க், ஃபீஸ், டெட்லைன், எல்லாத்துக்கும் ஒரு கட்டம் இருந்துச்சு. பணம் எந்த தேதியிலேர்ந்து எந்த தேதி வரைக்கும் அக்கவுண்ட்ல அசையாம இருக்கணும்ங்கறதுக்கு மட்டும் கட்டம் இல்ல. அதனால எனக்கு ஒரு வருஷம் போச்சு.

நடந்தது இதுதான். பிரிட்டன்ல ஒரு இடத்துல அட்மிட் கிடைச்சு டெபாசிட்டும் கட்டியாச்சு, விசாவுக்கு வேண்டிய சிஏஎஸ் நம்பரும் (இவருக்கு இடம் குடுத்திருக்கோம்னு யூனிவர்சிட்டி உறுதி செஞ்சு தர்ற நம்பர்) வந்தாச்சு. அங்க ஸ்டூடென்ட் விசாவுக்கு (சில நாட்டுக்காரங்களுக்கு இதுல விலக்கு உண்டு) முதல் வருஷ ஃபீஸ்ல பாக்கி எவ்வளவோ அதுவும், 9 மாசம் வரைக்குமான செலவுக் காசும் தொடர்ச்சியா 28 நாள் அக்கவுண்ட்ல இருந்ததா காட்டணும். நடுவுல ஒரே ஒரு நாள் கூட அந்தத் தொகைக்குக் கீழ இறங்கக்கூடாது. நான் 22ஆவது நாள், டிக்கெட் மலிவா இருக்கேன்னு அதே அக்கவுண்ட்லேர்ந்து ஃபிளைட் புக் பண்ணிட்டேன். மறுநாளே சம்பளம் வந்து பேலன்ஸ் பழையபடி ஏறிடுச்சா, எனக்கு உறைக்கவே இல்ல. ஸ்டேட்மென்ட் பிரிண்ட் எடுத்து வரிவரியா பாக்கறப்பதான் அந்த ஒரு நாள் கண்ணுல பட்டுச்சு. மறுபடி முதல்லேர்ந்து 28 நாள் எண்ணினா கோர்ஸ்ல சேர கடைசி தேதி தாண்டிடும். அடுத்த வருஷத்துக்கு டிஃபர் பண்ணேன், டிக்கெட் காசும் போச்சு. யாரையும் குத்தம் சொல்ல வழியில்ல, ரூல் தெளிவா எழுதித்தான் இருந்துச்சு, அட்மிட் வந்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சு நான்தான் படிக்கல.

அதனால என் பதில், கடைசியிலேர்ந்து ஆரம்பிங்க. வகுப்பு ஆரம்பிக்கற தேதிய எழுதிட்டு பின்னாடி எண்ணிட்டே வாங்க, விசா அப்ளை பண்ற தேதி, அதுக்கு முன்னாடி பணம் ரெடியா இருக்க வேண்டிய தேதி, அதுக்கும் முன்னாடி அட்மிட் வரணும், இப்படி. பண விஷயம் நாட்டுக்கு நாடு வேற வேற. ஜெர்மனில அரசு யூனிவர்சிட்டி பெரும்பாலும் டியூஷன் வாங்கறதில்லன்னு எல்லாரும் சந்தோஷமா சொல்வாங்க, ஆனா பிளாக்டு அக்கவுண்ட்னு ஒண்ணு இருக்கு, 2024 செப்டம்பர்லேர்ந்து வருஷத்துக்கு 11,904 யூரோ அதுல மொத்தமா போட்டுக் காட்டணும், அங்க போனப்புறம் மாசாமாசம் 992 யூரோவா உங்க கைக்கே திரும்ப வரும். போதாததுக்கு பாடன்-வுட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பிய யூனியன் அல்லாத மாணவர்களுக்கு 2017லேர்ந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸ் உண்டு, ‘ஜெர்மனி ஃப்ரீ’ன்னு நம்பிப் போறவங்க இத பாக்கறதே இல்ல. அமெரிக்கான்னா முதல் வருஷச் செலவுக்கு பணம் காட்டினாதான் ஐ-20 தருவாங்க (விசாவுக்காக யூனிவர்சிட்டி தர்ற படிவம்), விசா ஃபீஸ் தனி, செவிஸ்னு அரசோட மாணவர் பதிவுக்குக் கட்டற ஃபீஸ் 350 டாலர் தனி. எஃப்-1ங்கற மாணவர் விசா கையில வந்துட்டாலும் முதல் தடவை போறப்ப ஐ-20ல போட்டிருக்கற ஆரம்பத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னாடி உள்ள விட மாட்டாங்க, அதையும் பாத்துட்டு டிக்கெட் போடுங்க (டிக்கெட் விஷயத்துல நான் சொன்னா கேக்கணும்).

லிஸ்டுக்கு வருவோம். 10 எனக்கு அதிகமா தெரியுது, 6 ஒழுங்கா பண்ணா போதும். ஒவ்வொண்ணுக்கும் பாடத்திட்டத்த திறந்து யார் என்ன நடத்தறாங்க, நீங்க டிகிரில படிச்சது அவங்க கேக்கறதோட பொருந்துதான்னு பாருங்க. முக்கியமா ஜெர்மனில நிறைய மாஸ்டர்ஸ் குறிப்பிட்ட பாடத்துல இத்தனை கிரெடிட் முடிச்சிருக்கணும்னு கேப்பாங்க, கணக்குல இத்தனை, புரோகிராமிங்ல இத்தனைன்னு. அது குறைஞ்சா கிளாஸ் டாப்பரா இருந்தாலும் ரிஜெக்ட்தான், எஸ்ஓபில (ஏன் இந்தப் படிப்புன்னு நீங்க எழுதற கட்டுரை) என்ன உருகி எழுதினாலும் அது ஈடாகாது. என் கூடப் படிச்ச பையன் ஒருத்தன் இத பாக்காம நாலு இடத்துல ஃபீஸ் கட்டி நாலும் ஒரே காரணத்துக்காக திரும்பி வந்துச்சு.

டெட்லைனும் ஒரே மாதிரி இருக்காது, அமெரிக்காவுல ஆகஸ்ட்ல ஆரம்பிக்கற நல்ல ப்ரோகிராம் நிறைய முந்தின டிசம்பர்லயே மூடிடும், ஜெர்மனில அதே சமயத்து செமஸ்டருக்கு ஜூலை 15 வரைக்கும் கூட சிலது திறந்திருக்கும். ஐஇஎல்டிஎஸ், டோஃபல்னு இங்கிலீஷ் டெஸ்ட் ஸ்கோர் ரெண்டும் ரெண்டு வருஷம்தான் செல்லும்.

எஸ்ஓபி பத்தி நெட்ல மலை மலையா இருக்கு, நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. ‘சின்ன வயசிலேர்ந்தே எனக்கு கம்ப்யூட்டர்னா உயிர்’ங்கற வரிய அடிச்சுட்டு, நீங்க செஞ்ச ஒரு ப்ராஜெக்ட்ல எது வேலை செய்யல, ஏன் செய்யலன்னு எழுதுங்க, படிக்கறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

ஆனா ரெகமண்டேஷன் லெட்டர்லதான் ஆளுங்க அசால்ட்டா இருக்காங்க. பெரிய பதவில இருக்கறவர்கிட்ட வாங்கினா வெயிட்டு ஜாஸ்தின்னு நெனச்சு, நம்ம பேரே தெரியாத துறைத் தலைவர்கிட்ட போய் நிப்பாங்க, அவர் ‘நல்ல மாணவர், ஒழுக்கமானவர்’னு ரெண்டு பாரா அனுப்புவார். உங்க ப்ராஜெக்ட்ட பக்கத்துல உக்காந்து பாத்த ஜூனியர் லெக்சரர் எழுதறது அதவிட நூறு மடங்கு மேல். அப்புறம் அவருக்கு யூனிவர்சிட்டி சிஸ்டத்துலேர்ந்து ஒரு லிங்க் போகும், அது நேரா ஸ்பாம்ல விழும், அவரும் பாக்க மாட்டார் நீங்களும் கேக்க மாட்டீங்க, டெட்லைன் அன்னிக்குத்தான் தெரியும். சில இடத்துல ஜிமெயில் அட்ரஸ் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்க, காலேஜ் மெயில்தான் வேணும்பாங்க. ஆறு வாரம் முன்னாடியே கேட்டுடுங்க, என்னென்ன செஞ்சீங்கன்னு ஒரு பக்கம் எழுதியும் குடுங்க, பத்து நாளைக்கு ஒருக்கா கூச்சப்படாம ஞாபகப்படுத்துங்க.

பேர் விஷயம் ஒண்ணு. மார்க்‌ஷீட்ல ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்ல ஒரு ஸ்பெல்லிங்னு இருந்தா இப்பவே சரி பண்ணுங்க, அப்ளிகேஷன், டெஸ்ட் எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்கறபடியே போடுங்க. பாஸ்போர்ட்ல ஒரே பேர்தான் இருக்குன்னா அமெரிக்க விசாவுல முதல் பேர் இருக்கற இடத்துல எஃப்என்யூன்னு அச்சடிச்சு வரும், முதல் பேர் தெரியலன்னு அர்த்தம், பயந்துடாதீங்க. ஆனா அங்க போனா பேங்க்லேர்ந்து காலேஜ் ஐடி வரைக்கும் உங்க பேரே அதுதான்னு நெனச்சுக்குவாங்க.

ஏஜென்ட் கேட்டிருந்தீங்க. நிறைய ஏஜென்ட் ‘உங்களுக்கு ஃப்ரீ சார்’னு சொல்றதுக்கு காரணம், நீங்க சேந்தா யூனிவர்சிட்டி அவங்களுக்கு கமிஷன் தருது. அது தப்புன்னு சொல்லல, ஆனா அவங்க லிஸ்ட்ல கமிஷன் தராத இடம் தானா வந்து உக்காராது. ஃபார்ம் நிரப்ப பயமா இருந்தா போங்க, ஆனா போர்ட்டல் லாகினும் பாஸ்வேர்டும் உங்ககிட்டதான் இருக்கணும், மெயில் ஐடி உங்களோடதா இருக்கணும், எஸ்ஓபிய அவங்க எழுத விடாதீங்க. நான் முதல் தடவை ஏஜென்ட் வழியாத்தான் போனேன், அந்த 28 நாள் கணக்க அவரும் எனக்கு ஞாபகப்படுத்தல. ரெண்டாவது தடவை நானே பண்ணேன், அந்தப் பணத்துக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட் திறந்து கார்டே வாங்கிக்கல.