சேர்க்கைப் படிவத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு அம்பாசமுத்திரம். மனைவி பாளையங்கோட்டை, சிஎஸ்ஐ குடும்பம். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தோம். மியூனிக்கில் வேலை. மகளுக்கு எட்டு வயது, அங்கே அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் அவளைப் புராட்டஸ்டன்ட் மதப் பாட வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். நீதிநெறி வகுப்புக்கு மாற்றச் சொல்லி நான் மெயில் போட்டேன். மனைவியின் சம்மதமும் வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள், மனைவி மறுக்கிறாள். ஊரில் அம்மா அழுகிறார்கள். ஆகஸ்ட் லீவில் மகளைக் கூட்டிவந்து அம்மாவிடம் விட்டு, அம்பையிலேயே பள்ளியில் சேர்த்துவிடலாமா? அப்பாதானே இயற்கைக் காப்பாளர்?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி மாமனார் வீட்டைப் பற்றியது. கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை, யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் உங்கள் மனதுக்குப் பாரம்தான். வழக்குக்கு அதில் ஒரு வரிகூட உதவாது. தேவாலய வரிப் புகாரும் அப்படித்தான். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் அது வருமான வரியில் 8 சதவீதம், சபை உறுப்பினர் என்ற முறையில் உங்கள் மனைவி கட்டுகிறார். மகள் எந்த வகுப்பில் உட்காருவது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் அனுப்பிய தாள்களில் எனக்கு வேண்டியது ஒன்றுதான். முதல் வகுப்பில் சேர்த்தபோது கொடுத்த படிவம். சமயம் என்ற கட்டத்தில் ‘எவாங்கேலிஷ்’, அதாவது புராட்டஸ்டன்ட், என்று எழுதியிருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்து. இரண்டாவது உங்களுடையது, தமிழில் போட்டிருக்கிறீர்கள். அதற்கும் முன்னால், ஒரு வயதில் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் நடந்தபோது பட்டு வேட்டி கட்டிப் பக்கத்தில் நின்றதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன் புரியாமல் போட்ட கையெழுத்து என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் ஞானஸ்நானம் தமிழில்தானே நடந்தது?

சட்டம் பார்ப்பது இதைத்தான். மதப் பாடத்தில் பிள்ளை கலந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையை ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டம், 7ஆம் பிரிவில், பெற்றோருக்குக் கொடுக்கிறது. அதாவது இரண்டு பேருக்கும் சேர்த்து. பிள்ளைகளின் சமய வளர்ப்பு பற்றி 1921ல் போட்ட சட்டம் ஒன்று இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது. திருமணம் நீடிக்கும்போது, பிள்ளை இதுவரை வளர்ந்த சமயத்தை மாற்றவோ, மதப் பாடத்திலிருந்து விலக்கவோ, ஒருவர் மற்றவர் சம்மதமில்லாமல் முடிவெடுக்க முடியாது என்று அது நேரடியாகச் சொல்கிறது. உங்கள் மனைவி எதையும் மாற்றவில்லை. மாற்றக் கேட்பவர் நீங்கள். அதனால் சம்மதம் வாங்க வேண்டிய கட்டாயம் உங்கள் பக்கம் விழுகிறது. பள்ளி உங்கள் மெயிலை ஒதுக்கியது பாரபட்சம் இல்லை, சட்டப்படிதான் நடந்திருக்கிறார்கள்.

இயற்கைக் காப்பாளர் என்று 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு மியூனிக் பள்ளிக்குப் போகாதீர்கள். பிள்ளை வசிக்கும் நாட்டின் சட்டமும் நீதிமன்றமும்தான் அங்கே பேசும். இந்திய பாஸ்போர்ட் அதை மாற்றாது. நம் நாட்டிலேயே அந்தப் பிரிவு நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. தந்தை உயிரோடு இருக்கும்போதும், அவர் பொறுப்பில் இல்லாத நிலையில் தாய் காப்பாளராகலாம் என்று 1999லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்கள் படித்ததும் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில்தான், அங்கே இப்படி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், காப்பாளர் சம்மதமில்லாமல் சிறுவர் யாரையும் மத போதனையில் கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்கிறது. அதனால்தான் கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்குப் போக, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்து வைத்தார்கள். அங்கேயும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். சம்மதத்தைக் கேட்டார்கள், நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்.

மனைவி இணங்காவிட்டால் அங்குள்ள குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். போனால் குழந்தைகள் நல அலுவலகத்தின் கருத்தையும் கேட்பார்கள், மகளையும் நீதிபதி நேரில் கேட்பார். மூன்றாவது வருடமாகத் தோழிகளோடு உட்காரும் வகுப்பைப் பற்றி எட்டு வயசுப் பிள்ளை என்ன சொல்லும்? வழக்குச் செலவும் உங்கள் தலையில் விழலாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

இதையெல்லாம் விட என்னைப் பயமுறுத்துவது உங்கள் கடைசிக் கேள்வி. அதைவிட, கடிதத்தின் நடுவே போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. ‘அடுத்த வருஷம் அவ அம்பையிலதான் படிப்பா, பாத்துக்கோ’ என்று மனைவிக்கு வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறீர்கள். தம்பி, மதப் பாடத் தகராறு அந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டது. இனி உங்கள் மனைவியின் வக்கீல் கையில் இருக்கப் போவது, பிள்ளையை இந்தியாவுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று அப்பாவே சொன்ன சாட்சி. அதை மொழிபெயர்த்துக் கொடுத்து, பிள்ளை நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று அங்கே அவசர உத்தரவு கேட்கலாம். கிடைத்துவிட்டால் ஏர்போர்ட்டில் தடுப்பார்கள். ஆகஸ்ட் லீவும் போகும், பாட்டி பேத்தியைப் பார்ப்பதும் போகும்.

தடை இல்லாமல் வந்து இங்கே நிறுத்திக்கொண்டீர்கள் என்று வையுங்கள். பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களும் இதையே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் மனைவி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போட்டால் போதும், போலீஸ் அம்பையில் உங்கள் அம்மா வீட்டுக் கதவைத் தட்டும். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பையனை அம்மா இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்ட வழக்கில், அவனைத் திருப்பி அனுப்பச் சொல்லி 2022ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உடன்படிக்கையில் நாம் இல்லை என்பது குறுக்கே நிற்கவில்லை. பிள்ளையின் நலன் எங்கே என்று மட்டும் பார்த்தார்கள். ஜெர்மனியிலோ இது கிரிமினல் குற்றம். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மற்ற பெற்றோரிடமிருந்து பிரித்து வெளிநாட்டில் நிறுத்திவைத்தால் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை. அப்புறம் எந்த வேலைக்குத் திரும்பிப் போவீர்கள்?

மதுரைக் கிளை வராந்தாவில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் அப்பா வழிப் பாட்டி டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடு சாப்பிடு என்பார். எதிர்ப்பக்கம் அம்மா நிற்பாள். பிள்ளை இரண்டு பேரையும் பார்க்காமல் செருப்பு வாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மகளை அங்கே உட்கார வைக்காதீர்கள். இதைச் சட்டம் தெரிந்தவனாக மட்டும் சொல்லவில்லை.

சமாதானமாகப் போங்கள். தோற்றுப்போவதாக நினைக்க வேண்டாம், பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. பவேரியாவில் மதப் பாடத்திலிருந்து விலக, பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு என்றால் முக்கியமான காரணம் வேண்டும். இந்த வருடம் அந்தக் கெடு போய்விட்டது, விட்டுவிடுங்கள். நாலாம் வகுப்பு முடிந்து பிள்ளை எப்படியும் பள்ளி மாறுவாள். அப்போது நீதிநெறி வகுப்பா மதப் பாடமா என்று அவளையும் கேட்டு இருவரும் சேர்ந்து முடிவெடுப்பதாக இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்குப் போக அங்கே பார்ப்பது ஜெர்மன், கணக்கு, சுற்றுச்சூழல் பாட மதிப்பெண்தான். மதப் பாட மார்க் அதில் சேராது, அந்தக் கவலையும் வேண்டாம்.

நீங்கள் உண்மையில் கேட்டு வாங்க வேண்டியது வேறு: திடப்படுத்தல், அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் சபைச் சடங்கு. ஜெர்மனியில் அது பெரும்பாலும் பதினான்கு வயதை ஒட்டி நடக்கும், வகுப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடும். அந்த 1921 சட்டப்படி பதினான்கு வயதானால் தன் சமயத்தைப் பிள்ளையே தீர்மானிக்கலாம். ஆகவே இருவர் கையெழுத்தும் இல்லாமல் திடப்படுத்தல் வகுப்பில் சேர்ப்பதில்லை, பதினான்கு ஆனதும் அவள் சொல்வதை இருவரும் ஏற்பது என்று மனைவியிடம் எழுதி வாங்குங்கள். வீட்டில் விளக்கேற்றுவது, ஊருக்கு வந்தால் உங்கள் குலதெய்வம் கோயிலுக்கும் கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டுக்கும் போவது, இதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு மதமும் இருப்பது புதிதா என்ன? உங்கள் மனைவி கோயிலுக்கு மறுப்புச் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை, அதைக் கவனித்தீர்களா?

அந்தக் குரல் பதிவை அழித்துப் பயனில்லை, அது அவர் போனில் இருக்கும். கோபத்தில் சொன்னது, பிள்ளையைப் பிரிக்கும் எண்ணம் இல்லை என்று இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். ஆகஸ்ட் பயணத்துக்கு மகள் பெயரில் திரும்பும் டிக்கெட்டும் சேர்த்து எடுத்து, அதன் நகலை மனைவிக்கு அனுப்பிவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.