எக்கோ ரிப்போர்ட்டில் 60 சதவீதம் என்றால் மீதி 40 எங்கே போனது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. வேலூரில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம். ரிப்போர்ட்டில் 'இ.எஃப். 60%' என்று போட்டிருக்கிறது. "இதயத்துல அறுபது பங்குதான் வேலை செய்யுது, மீதி போயிடுச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பாட்டையே குறைத்துவிட்டார். எப்படித் தேற்றுவது?
- வாசகி, குடியாத்தம்

பதில்: எதுவும் போகவில்லை அம்மா, முதலில் அவரை வழக்கம்போலச் சாப்பிடச் சொல்லுங்கள். இ.எஃப். என்பது இதயத்தில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. 60 என்பது நல்ல இதயத்தின் கணக்கு. 100 யாருக்குமே வராது. இதயத்தின் இடது கீழறையில் சுமார் 120 மில்லி ரத்தம் நிரம்புகிறது, ஒரு துடிப்பில் அதில் 70 மில்லி போல வெளியே போகிறது, மீதி உள்ளேயே தங்குகிறது. எல்லோருக்கும் அப்படித்தான்.

அப்பா சின்ன வயதில் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்ததைப் பார்த்திருப்பார், அதை வைத்தே சொல்லுங்கள். மாடு பின்னால் வந்து, தண்ணீர் அள்ளும் சால் கிணற்றில் இறங்கி நிரம்பினால்தானே மேலே தண்ணீர் வரும்? மாட்டை அவசரமாக விரட்டினால் அரைச்சால்தான் வரும். இதயமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி, அதில் கீழறை அழுத்தித் தள்ளுவது ஏறக்குறைய 0.3 விநாடிதான், மீதி அரை விநாடி தளர்ந்து நிரம்புவதற்கு. மேலறையிலிருந்து பெரும்பகுதி ரத்தம் தானாகவே இறங்கிவிடும், கடைசியில் மேலறை ஒருமுறை சுருங்கி மிச்சத்தைத் தள்ளிவிடும். அப்புறம் கீழறை இறுகும்போது நடுவிலுள்ள வால்வுகள் மூடுவதுதான் 'லப்', ரத்தம் வெளியேறியதும் வெளிவாசல் வால்வுகள் மூடுவது 'டப்'. இதயத் தசைக்கே வேண்டிய ரத்தமும் பெரும்பாலும் அந்தத் தளர்ந்த நேரத்தில்தான் கிடைக்கிறது, துடிப்பு ரொம்ப வேகமானால் அதுவும் குறையும்.

ஒன்று மட்டும் பாருங்கள். இ.எஃப். தள்ளுவதைத்தான் சொல்லும், நிரம்புவதைச் சொல்லாது. சர்க்கரையும் பிபியும் பல வருடமாக இருந்தால் தசை விறைத்து நிரம்புவது குறையலாம், அப்போதும் 60 என்றே வரலாம். அதே ரிப்போர்ட்டில் 'டயஸ்டாலிக்' (இதயம் தளர்ந்து நிரம்பும் நேரம்) என்று தொடங்கும் வரி இருக்கிறதா பார்த்து, டாக்டரிடம் கேளுங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலம் பாதம் வீங்குகிறது என்றால், 60 இருக்கிறதே என்று விட்டுவிடாமல் உடனே கூட்டிப் போங்கள்.