வேலை கிடைக்காமல் சோர்ந்துபோயிருக்கும்போது கர்த்தருக்காகப் பொறுமையாகக் காத்திருப்பது எப்படி?

சென்னையில் 2 வருடமாக வேலை தேடுகிறீர்கள், ஜெபிக்கிறீர்கள், சபையில் எல்லாரும் "காத்திருங்க" என்கிறார்கள், காத்திருப்பது என்றால் தினமும் என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

"கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன்" என்பது சங்கீதம் 40:1. எபிரெய மூலத்தில் பொறுமை என்று தனிச்சொல் கிடையாது. காத்திருத்தல் என்ற வினையே இரண்டு முறை அடுக்கி வருகிறது. பஸ் ஸ்டாப்பில் அலுத்துப்போய் "காத்துக் காத்து நின்னேன்" என்போமே, கிட்டத்தட்ட அது. மனசு அடங்கவில்லையே, அப்போது நான் காத்திருக்கவே இல்லையோ என்று பயப்படாதீர்கள்.

முதலில் முறையிடக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருப்பது சங்கீதம் 13. ஆறே வசனம். 1, 2 முறையீடு, 3, 4 விண்ணப்பம், 5, 6 நம்பிக்கை. முதல் இரண்டு வசனத்துக்குள் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். ஒரு நோட்டில் அதே வரிசையில் உங்களுடையதை எழுதுங்கள், பகுதிக்கு இரண்டு மூன்று வரி, மொத்தம் கால் மணி நேரம். விண்ணப்பம் குறிப்பாக இருக்கட்டும். "ஆசீர்வதியும்" என்று பொதுவாக எழுதாமல், "நாளைக்கு 11 மணிக்கு கிண்டியில் இன்டர்வியூ, நாக்கு குழறாமல் பேச வேண்டும்" என்று எழுதுங்கள். பிறகு வாய்விட்டு வாசியுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு என்றால், விடியற்காலை ஐந்தரைக்கு மொட்டை மாடி.

நம்மில் பலர் முறையீட்டைத் தாண்டி நேரே ஸ்தோத்திரத்துக்குப் போய்விடுகிறோம். கேட்காமல் விட்ட "எதுவரைக்கும்" உள்ளேயே கிடந்து புளிக்கும். நம்பிக்கைப் பகுதி வராத நாளும் உண்டு. அன்றைக்கு நோட்டை அப்படியே மூடிவிடலாம். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்துத்தானே இருக்கிறார்கள்.

அடுத்தது வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்கென்று சபையில் ஆளுக்கு ஒன்றாகக் கிடைக்கும் வேத வசனம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எரேமியா 29:11, உங்களைப் பற்றிய என் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று தேவன் சொல்கிற வசனம், கிடைத்தவர் இந்த ஊரில் ஏராளம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருவது அது. ஒரு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கும். இன்னும் மேலே, 5-ஆம் வசனத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டுப் பலனைச் சாப்பிடுங்கள் என்கிறது. அந்த வாக்கு வந்தது உட்கார்ந்திருந்தவர்களுக்கல்ல, பிழைப்பைப் பார்க்கச் சொல்லப்பட்டவர்களுக்கு. உங்கள் கணக்கில் தோட்டம் என்பது பகுதி நேர டியூஷனாக இருக்கலாம், அம்பத்தூரில் சம்பளம் குறைவான ஒரு வேலையாக இருக்கலாம். அதை ஏற்பது அவிசுவாசம் இல்லை.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சோர்ந்தவுடன் வெள்ளிக்கிழமை உபவாசத்தை மூன்று நாளாக நீட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி "போதும்" என்று சூரைச்செடியின்கீழ் படுத்தபோது நடந்தது நேர் எதிர். தூதன் அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் பேசியது 40 நாள் கழித்துத்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

காத்திருப்பு முறிவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். சவுல் ராஜா, பலியிட வருவதாகச் சொன்ன சாமுவேல் தீர்க்கதரிசிக்காக ஏழு நாள் காத்திருந்தார். ஜனங்கள் சிதறுவதைப் பார்த்துத் தானே பலியிட்டார். அது முடிகிறபோதே சாமுவேல் வந்துவிட்டார் (1 சாமுவேல் 13). சுற்றி இருப்பவர்கள் கலைவதைப் பார்த்துத்தான் நமக்கும் கை பதறும். "முன்பணம் கட்டினால் வேலை" என்கிறவனிடம் அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கொடுப்பது, காணிக்கை வாங்கிக்கொண்டு தேதி குறித்துத் தீர்க்கதரிசனம் சொல்கிறவரிடம் போவது, எல்லாம் அந்த நேரத்தில்தான். பணம் சம்பந்தப்பட்ட எந்த முடிவையும் ஒரு ராத்திரி தள்ளிப்போட்டு, ஆசை வார்த்தைக்கு மயங்காத ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போயிருந்தால், வாழ்ந்தது போதும் என்ற நினைப்பு வந்தால், ஜெபத்தோடு அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கும் போன் போடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், தனக்குக் கிடைத்த நன்மையை ஒவ்வொருவராகச் சொல்கிற சாட்சி நேரம்தான் கடினம். ஒருவருக்கு விசா, இன்னொருவருக்குக் குழந்தை. தாங்கவில்லை என்றால் அந்த ஐந்து நிமிடம் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், தப்பில்லை. ஆராதனை முடிந்து செருப்பு தேடும்போது "ஏதாவது ஆச்சாப்பா?" என்று கேட்கிற ஆன்ட்டிக்கு விளக்கம் எல்லாம் வேண்டாம். "இன்னும் இல்ல ஆன்ட்டி, ஜெபம் பண்ணிக்கோங்க" போதும்.