போஸ்ட்கிரஸில் பட்டியல், வேர்ட்பிரஸில் தளம்: ஒத்துப்போகுமா?

கேள்வி: எங்கள் கோவில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுத்தோர் விவரமும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் உள்ளன. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வலைத்தளம் அமைக்க விரும்புகிறோம். வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸே போதும் என்கிறார்கள் இளைஞர்கள். அது எங்கள் தரவுத்தளத்தோடு ஒத்துப்போகுமா?
– வாசகர் ஒருவர், ரோஸ் ஹில், மொரீசியஸ்

பதில்: ஒத்துப்போகாது. வேர்ட்பிரஸ், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளையோ அதிலிருந்து 2009இல் கிளைத்த மரியாடிபியையோ நம்பி எழுதப்பட்டது. வேர்ட்பிரஸ் போன்ற பிற மென்பொருள்களான ட்ரூபலும் ஜூம்லாவும் போஸ்ட்கிரஸையும் ஏற்கும். பன்மொழி வசதியும் அவற்றில் உள்ளேயே இருக்கிறது, வேர்ட்பிரஸிலோ அதற்குத் தனிச் செருகுநிரல் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) வேண்டும். ஆயினும் மையநிரல் (அடிப்படை மென்பொருள்) ஏற்றுக்கொண்டதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். செருகுநிரல் எழுதுவோரில் பலர் மைஎஸ்கியூஎல்லில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடுகிறார்கள். குறைந்த வாடகை ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்கும் சர்வர் இடத்தில்) பெரும்பாலும் கிடைப்பதும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபிதான்.

ஆகவே பட்டியலை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, தளத்திற்குத் தனித் தரவுத்தளம் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஊரறியத் திறந்திருக்கும் தளத்தின் பின்னால் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படிப் பிரித்துவிட்டால் இளைஞர்கள் சொல்லும் வேர்ட்பிரஸுக்கும் தடையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எழுத்துகளுக்கான உலகப் பொதுத் தரமான யூனிகோடில் வழக்கமான தமிழ்க் குறி ஒவ்வொன்றும், அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டு. 'கோ' கண்ணுக்கு ஓரெழுத்து, தரவுத்தளத்திற்கோ இரண்டு குறிகள், 6 பைட்டு. மைஎஸ்கியூஎல்லில் வெறுமனே 'யுடிஎஃப்8' என்று வழங்கிவந்த அமைப்பு 3 பைட்டுக் குறிகளுக்கு மேல் ஏற்காது. தமிழ் அதில் சரியாகவே பதிவதால் எவருக்கும் ஐயம் எழாது. பக்தர் ஒருவர் வாழ்த்தோடு முகக்குறி (இமோஜி) ஒன்றைச் சேர்க்கும்போதுதான், அது 4 பைட்டு என்பதால், பதிவு நின்றுவிடும் அல்லது பாதியில் அறுபடும். பழைய நிலக்கணக்குகளில் காணும் மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளும் (2019இல்தான் யூனிகோடில் சேர்ந்தன) 4 பைட்டுக் குறிகளே. எனவே 'யுடிஎஃப்8எம்பி4' (utf8mb4) என்பதைத் தேர்ந்தெடுங்கள், மைஎஸ்கியூஎல் 8.0 முதல் அதுவே இயல்பிருப்பு (நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அமைவது).

பின்னாளில் ஹோஸ்டிங்கை மாற்றும்போதும் கவனம் தேவை. மைஎஸ்கியூஎல் 8.0இலிருந்து எடுத்த பிரதியை மரியாடிபியில் ஏற்றினால், 'அறியாத வரிசைமுறை' (வரிசைமுறை என்பது எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதி) என்ற பிழையோடு அது நின்றுவிடுவதுண்டு, 8.0இன் இயல்பான வரிசைமுறையை மரியாடிபியின் பல பதிப்புகள் அறியா. ஹோஸ்டிங்கிற்குப் பணம் கட்டுமுன் தரவுத்தளம் எது, எந்தப் பதிப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.