கொண்டெயினருக்குள் இல்லாத வில்லன்

அன்புள்ள அக்கா,

நானும் மூன்று நண்பர்களும் ஒரு கான்செப்ட் அல்பம் செய்கிறோம். பத்துப் பாட்டு, ஒரே குற்றக் கதை. ஹட்டனில் இருந்து கொழும்புக்கு வேலை தேடி வரும் பெண்ணை ஒரு கும்பல் வான் வண்டியில் தூக்கி, துறைமுகத்தில் கொண்டெயினருக்குள் அடைத்து, வெளிநாட்டுக்கு விற்கிறது. ஒரு பொலிஸ்காரர் தேடிப் போகிறார். வில்லனுக்கும் ஒரு ரப் பாட்டு உண்டு. தமிழில் இப்படியொரு வடிவம் எடுபடுமா?

ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

எடுபடும். கொலைச்சிந்து என்று பெரியவர்களிடம் கேட்டுப் பார். எங்காவது ஒரு கொலை விழுந்தால் அதைப் பாட்டாகக் கட்டி, மலிவு அச்சில் போட்டு, சந்தையில் பாடிப் பாடியே விற்றிருக்கிறார்கள். வடிவத்துக்கு இவ்வளவு போதும். பொலிஸ்காரர் இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கொண்டெயினரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படம் பார்த்துவிட்டுப் பாட்டு எழுத வந்துவிடுவீர்கள்! மூதூர் ரிசானா நபீக் 2005இல் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் 23. யாரும் அவளை வானில் தூக்கவில்லை. பிறந்த ஆண்டை மாற்றினார்கள், அவ்வளவுதான். அவள் கையில் இருந்த குழந்தை இறந்தது, கொலை என்று தீர்த்தார்கள், 2013 ஜனவரி 9ஆம் திகதி தலையை வெட்டினார்கள்.

விரும்பித்தானே போகிறார்கள் என்று உன் நண்பர்களில் ஒருவன் கேட்பான். ஏமாற்றி வாங்கிய சம்மதம் செல்லாது என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆட்கடத்தலைத் தடுக்கும் ஐ.நா. நெறிமுறையில் எழுதியாயிற்று. அது இருக்கட்டும். முற்பணத்தைப் பற்றி ஒரு பாட்டு வைத்தாயா? பணிப்பெண்ணாகப் போகிறவளின் வீட்டில் முகவர் முதலே காசைக் கொடுத்துவிடுவார். கூரைக்கும் கடனுக்கும் அது கரைந்த பிறகு, போக மாட்டேன் என்று அவள் எந்த வாயால் சொல்வாள்?

1991இல் நாங்கள் கொழும்பு மருதானையில், தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்பில், ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டு அம்மாவை எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். மலைநாட்டில் இருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்து வைத்திருப்பார். எண்ணெய் வைத்துத் தலை வாரிவிடுவார், காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். நல்லவர்தான், இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் சொல்ல வருகிறது. உன் வில்லனுக்கு ரப் வேண்டாம் தம்பி. அந்தக் குரலில் ஒரு தாலாட்டு எழுது, முடிந்தால்.

என் கையெழுத்து வடிவு என்று படிவம் நிரப்ப என்னைத்தான் கூப்பிடுவார். ஒரு படிவத்துக்கு ஒரு கிம்புலா பணிஸ். எனக்கு 13 வயது. ஒருநாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை என்னைவிட இரண்டு விரல்தான் உயரம். பிறந்த ஆண்டு என்ன என்று கேட்டேன். அவள் வாயைத் திறந்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தாள்.

"அறுபத்தெட்டு என்று போடு மகள்," என்றார் பெரியம்மா.

போட்டேன். எட்டைக்கூட அழகாகச் சுழித்துத்தான் போட்டேன்.