கரைத் தூண்டில் கேள்வி–பதில்: தராசில் தெரிந்துவிடும்

கே: புது ஸ்பின்னிங் ரீலின் பெட்டியில் ‘மேக்ஸ் டிராக் 8 கிலோ’ என்று போட்டிருக்கிறது. 20 பவுண்டு தாங்கும் பிரெய்ட் (பின்னல் நரம்பு) சுற்றியிருக்கிறேன். டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் நரம்பு சுற்றிய ஸ்பூலை வழுக்கவிடும் பிடி) கையால் இழுத்துப் பார்த்து வைத்தால் போதாதா?
– தூத்துக்குடி வாசகர்

ப: போதாது. ஒன்றரைக் கிலோவும் மூன்று கிலோவும் கைக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். அந்த 8 கிலோவையும் மறந்துவிடுங்கள். குமிழை முழுக்க முறுக்கினால் வருகிற எண் அது.

10 கிலோ ஸ்பிரிங் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சூட்கேஸ் நிறுக்கும் டிஜிட்டல் தராசு பெரும்பாலும் ஒரு எண்ணைப் பிடித்து நிறுத்திவிடும். ஓடும்போது இழுவை என்ன என்று காட்டாது. 20 பவுண்டு என்பது சுமார் 9 கிலோ. அதில் கால் பங்கு, 2.25 கிலோவில் டிராக் வழுக்க வேண்டும். பிரெய்டை எல்லா வளையங்களிலும் கோத்துத் தராசில் கட்டி, ராடை 45 டிகிரிக்கு உயர்த்திப் பிடியுங்கள். இன்னொருவர் தராசோடு உங்களை விட்டு விலகிச் சீராக நடக்கட்டும். ராடை நேராக நீட்டி அளந்தால் எண் குறைவாகக் காட்டும். வளைந்த ராடில் வளையங்களின் உராய்வும் சேர்ந்துகொள்ளும்.

ஸ்பூல் கிளம்பும்போது ஒரு எண், ஓடும்போது ஒரு எண், இரண்டையும் குறியுங்கள். 2.2-இல் ஓடுகிற டிராக் 3.2-இல்தான் கிளம்புகிறது என்றால் வாஷர் ஒட்டுகிறது. பாறை மீன் முதல் பாய்ச்சலில் அறுத்துக்கொண்டு போவது இந்த ஒரு கிலோவில்தான். வாஷர்களைக் கழற்றித் துடைத்து, டிராக் கிரீஸ் மட்டும் லேசாகத் தடவி மறுபடி அளந்து பாருங்கள். தையல் மெஷின் எண்ணெய் அதில் படவே கூடாது.

இன்னொன்று. மீன் நரம்பை உருவ உருவ ஸ்பூலில் நரம்புச் சுற்றின் விட்டம் சுருங்கும். குமிழைத் தொடாமலே இழுவை ஏறும். விட்டம் பாதியானால் இழுவை இரு மடங்கு. சரியாக அந்த நேரம் பார்த்துக் குமிழை இறுக்குவதுதான் நம்மவர் வழக்கம்!

கே: தூண்டில் வளைவுக் (கடல் அரிப்பைத் தடுக்கும் கல் தடுப்பு) கற்கள்மேல் நின்று கொடுவாவுக்கு லூர் (செயற்கை இரை) வீசுகிறேன். பிரெய்டும் லீடரும் (பிரெய்டின் நுனியில் கட்டும் தனி நரம்பு) சேரும் இடத்திலேயே அறுந்துபோகிறது. மலிவு பிரெய்ட்தான் காரணமா?
– நாகப்பட்டினம் வாசகர்

ப: பிரெய்டைத் திட்டும் முன் அறுந்த நுனியைப் பாருங்கள். லீடர் நுனி சுருள்சுருளாக இருந்தால் முடிச்சு உருவிக்கொண்டு வந்திருக்கிறது. எஃப்ஜி முடிச்சுக்கு (லீடர்மேல் பிரெய்டைச் சுற்றிப் போடுவது) 20 சுற்றுக்குக் குறையக் கூடாது. நுனி வெளுத்து நசுங்கியிருந்தால், ஈரமில்லாமல் இறுக்கிய சூட்டில் வெந்தது. முடிச்சிலிருந்து ஒரு சாண் தள்ளி பிரெய்ட் பஞ்சாகப் பிரிந்திருந்தால் கற்களில் ஒட்டிய கொட்டலசு (கூர் ஓட்டு உயிரி) கீறியிருக்கிறது. லீடரை ஒன்றரை மீட்டருக்கு நீட்டுங்கள். ராட் வளையங்களுக்குள்ளும் பஞ்சுக் குச்சியைச் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் அங்கே விரிசல்.

நைலான் லீடர் தண்ணீர் குடித்தால் பலம் குறையும். முடிச்சுப் போட்டு, வாளித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு தராசில் மெதுவாக இழுங்கள். பிரெய்டைக் கையில் சுற்றாதீர்கள், விரலை அறுத்துவிடும். ஒரு கட்டையில் சுற்றுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். 6 கிலோ தாங்காத முடிச்சோடு கடலுக்குப் போக வேண்டாம்.

கே: ஸ்டெயின்லெஸ் முள் துருப்பிடிக்காதாமே, அதையே வாங்கிவிடலாமா?
– ராமேசுவரம் வாசகர்

ப: வேண்டாம். அறுத்துக்கொண்டு போன மீனின் வாயிலும் அது துருப்பிடிக்காது. வெள்ளீயம் பூசிய கார்பன் ஸ்டீல் முள் போதும். நுனியைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து இழுங்கள், வழுக்கினால் மழுங்கிவிட்டது. பயன்படுத்திய முள்ளைக் கழுவாமல் பெட்டியில் போட்டால் மற்ற முட்களும் கெடும்.

கே: ராடில் 40–80 கிராம் என்று இருக்கிறது. அலை ஈயத்தைப் புரட்டுவதால் 100 கிராம் போட்டு வீசலாமா?
– கடலூர் வாசகர்

ப: கூடாது. அந்த 80 கிராமில் இரையும் அடக்கம். மத்தித் துண்டு 25 கிராம் என்றால் ஈயத்துக்கு மிச்சம் 55 கிராம்தான். ஈயம் உருள்கிறது என்றால் எடையைக் கூட்டாமல், மணலைப் பற்றும் கம்பிக் கால் வைத்த ஈயத்துக்கு மாறுங்கள். 28 கிராம் எடைக்கு 10 பவுண்டு என்ற கணக்கில், முழு 80 கிராமுக்கு 30 பவுண்டு ஷாக் லீடர் (வீச்சின் அதிர்வைத் தாங்கும் தடித்த நரம்பு) வேண்டும். நீளம் ராடைப்போல் இரு மடங்கு. வீசத் தயாராகும்போது அதில் ஐந்தாறு சுற்று ஸ்பூலில் இருக்க வேண்டும். வீச்சில் அறுந்த ஈயம் ஆளின் மண்டையை உடைக்கும். சோதனை வீச்சை மாலைக் கூட்டத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இடி கேட்டால் கார்பன் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகிவிடுங்கள். அதில் மின்சாரம் பாயும்.

கே: ரீலைக் கழுவித்தான் வைக்கிறேன், இருந்தும் நரம்பு முறுக்கிக்கொள்கிறது. ஏன்?
– சென்னை வாசகர்

ப: லைன் ரோலர் (நரம்பை ஸ்பூலுக்குத் திருப்பிவிடும் சிறு உருளை) சுற்றாமல் நின்றிருக்கும். அதன்மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, நரம்பில் கொஞ்சம் பாரம் கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். புள்ளி நின்ற இடத்திலேயே நின்றால் உள்ளே உப்பு. நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்து, ஒரு சொட்டு ரீல் எண்ணெய் விடுங்கள். கழுவும்போது டிராக்கை இறுக்கிவிட்டு, பூவாளி போல மெல்லத் தண்ணீர் விட்டால் போதும். ஹோஸால் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள் ஏறும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.