கொழும்பில் பாஸ் ஆகும் போர்ட் வவுனியாவில் ஏன் நிற்கிறது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் மூன்று பேராகச் சேர்ந்து, ஃபோனில் கோல் எடுத்தால் கிணற்று மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஜிஎஸ்எம் கருவி செய்கிறோம். வாரத்துக்கு 150 போர்ட் (மின்சுற்றுப் பலகை). ஒவ்வொன்றையும் மல்டிமீற்றரால் பார்த்து, ஒரு கோலும் எடுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம். இருந்தும் வவுனியா, கிளிநொச்சிப் பக்கமிருந்து “இடையில் நின்று திரும்பத் தொடங்குகிறது” என்று சில திரும்பி வருகின்றன. எங்கள் மேசையில் அவை ஒழுங்காக வேலை செய்கின்றன. தானியங்கிச் சோதனை இயந்திரம் வாங்கினால் தீருமா?

பதில்: வாங்க அவசரப்படாதீர்கள். இன்று கையால் செய்யும் சோதனையையே இயந்திரமும் செய்தால், பழுதான போர்டை இன்னும் வேகமாகப் பாஸ் பண்ணி அனுப்புவீர்கள், அவ்வளவுதான்.

போர்டில் ஃபோன் வலையமைப்போடு பேசும் பகுதியான ஜிஎஸ்எம் மொடியூல் விடாமல் அலை அனுப்புவதில்லை. கோலின்போது ஏறக்குறைய 4.6 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, 0.577 மில்லிசெக்கன் மட்டும் அனுப்பும். முழு வலுவில் அனுப்பினால் அந்தக் கணத்தில் 2 அம்பியர் வரை இழுக்கும். அந்தக் கணத்துக்கு மின்னைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பக்கத்துக் கப்பாசிட்டர் தரம் குறைந்ததாகவோ சோல்டர் சரியாகப் பிடிக்காமலோ இருந்தால், மொடியூலுக்குப் போகும் 4 வோல்ட் அப்போது சட்டென்று சரியும். பல மொடியூல்கள் 3.4 வோல்ட்டுக்குக் கீழே தாங்கா. மல்டிமீற்றர் காட்டுவது சராசரியை. அதில் இந்தச் சரிவு தெரியவே தெரியாது.

கொட்டாஞ்சேனையில் ஃபோன் கோபுரம் கிட்ட இருக்கிறது. கிட்ட இருக்கும் கருவியிடம் வலுவைக் குறைக்கும்படி வலையமைப்பே கட்டளையிடும். ஆகவே உங்கள் மேசையில் மொடியூல் மெல்லத்தான் பேசுகிறது. வயற்கிணற்றடியில் சிக்னல் மெலிந்ததும் முழு வலுவில் கத்துகிறது, அங்கே விழுகிறது. என் கணிப்பில் உங்கள் பழுது இதுதான்.

அந்த வயலை மேசைக்குக் கொண்டுவாருங்கள். மொடியூலுக்கும் அன்ரனாவுக்கும் நடுவே சிக்னலை மெலிய வைக்கும் அட்டெனுவேற்றர் ஒன்றை, 2 வாட் தாங்கும் 30 டெசிபெல் அளவில் போட்டு, போர்டை மூடிய உலோகப் பெட்டிக்குள் வையுங்கள். அன்ரனா மட்டும் வெளியே. மொடியூலிடம் சிக்னல் அளவைக் கேட்கும் சிஎஸ்கியூ கட்டளை தரும் எண் 5க்கும் 10க்கும் இடையில், அதாவது −103க்கும் −93 டிபிஎம்முக்கும் இடையில் வரவேண்டும். கோல் அறுந்தால் 20 டெசிபெலுக்கு மாறுங்கள். சொந்தமாகச் சின்னக் கோபுரம் அமைத்துச் சோதிக்க மட்டும் போகாதீர்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி அலை பரப்புவது குற்றம்.

இனித்தான் தானியங்கி. போர்டின் சோதனைப் புள்ளிகளுக்கு நேரே ஸ்பிரிங் ஊசிகள் நிற்கும் ஒரு பலகை, அதாவது ஆணிப்படுக்கை, செய்துகொள்ளுங்கள். முதலில் மின் கொடுக்காமல் ஷோர்ட் பார்க்க வேண்டும், பிறகு மின்னோட்டத்தை மட்டுப்படுத்தி மின் கொடுக்க வேண்டும், கடைசியில் கோல். வோல்ட் 3.4க்குக் கீழே ஒரு கணம் இறங்கினாலும் பிடித்து வைத்துக்கொள்ளும் கொம்பரேட்டர்-லாட்ச் சுற்று ஒன்று போதும். மெதுவாக அளக்கும் மைக்ரோகொன்ட்ரோலர் அந்தச் சரிவைத் தவறவிடும். மின்வழங்கி வாங்கினால் எஸ்சிபிஐ கட்டளை ஏற்பதாக வாங்குங்கள். அளவுக் கருவிகளுக்குக் கணினியிலிருந்து கட்டளையிட 1990இல் வந்த பொதுமொழி அது. அளவுக் கருவிகளை ஒரே கம்பியில் இணைக்க 1975இல் ஐஇஇஇ-488 வந்த பிறகும் ஒவ்வொரு கொம்பனியும் தன் தன் கட்டளையையே வைத்திருந்தது. அந்தத் தொல்லையைத் தீர்த்தது எஸ்சிபிஐதான். பைதனில் சில வரிகளில் ஓட்டிவிடலாம்.

திரும்பி வந்த போர்டுகளைத் திருத்தி விற்றுவிடாதீர்கள். மூன்றையாவது அப்படியே எடுத்து வைத்து, ஒவ்வொரு நாள் காலையும் முதலில் அவற்றை ஓட்டுங்கள். பழுதென்று தெரிந்த அவற்றில் ஒன்றாவது பாஸ் ஆனால் சோதனையே பிழை; அன்றைக்கு எதையும் அனுப்பாமல், ஊசிமுனையில் ஃப்ளக்ஸ் (சோல்டர் பண்ணும்போது பூசும் பசை) படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.